அம்மையப்பன் இறங்கிய தொட்டி

சவூதியின் தம்மாம் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் காத்துக்கிடந்த எழுபத்தாறாம் வருடம். எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகளில் கசடைச் சுரண்டிக் கழுவிக் கொடுக்கும் கம்பெனியின் படகு, காலை எட்டு மணிக்கு ஒரு பழைய கப்பலின் பக்கத்தில் போய் நின்றது. வேலுச்சாமி அண்ணாந்து பார்த்தான். முகப்பில் புதுப் பெயர் வெள்ளைப் பெயிண்டில் பளபளத்தது. கப்பல் கைமாறினால் பெயரையும் மாற்றிவிடுவார்கள். ஆனால் இரும்பில் பற்றவைத்த பழைய எழுத்துகள் பெயிண்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றாலும் அந்த எழுத்துகளை அடையாளம் தெரிந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவன் மைத்துனன் அம்மையப்பன் செத்தது இந்தக் கப்பலில்தான்.

"என்னப்பா, ஏணியப் பிடிச்சுக்கிட்டு சிலையா நிக்கிற? யல்லா, ஏறு" என்றார் ஃபோர்மேன் நெய்னா முகம்மது.

தொட்டிக்குள் ஒருவன் இறங்கினால், மேலே ஓட்டை வாயில் இன்னொருவன் கயிற்றைப் பிடித்தபடி உட்கார வேண்டும். மேலிருந்து ஒருமுறை இழுத்தால் 'நல்லா இருக்கியா?' என்று கேள்வி. கீழிருந்து ஒருமுறை இழுத்தால் 'இருக்கேன்' என்று பதில். மூன்று முறை இழுத்தால், தூக்கு. என்ன ஆனாலும் கயிற்றைக் கைவிடக் கூடாது.

அம்மையப்பன் இறங்கிய அன்று வேலுச்சாமி கைவிட்டான். அந்த ஜூன் மாத வெயிலில் சாப்பாட்டுப் படகு ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தது. கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு ஒரு டம்ளர் குடிக்கப் போனான். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்து இழுத்தபோது பதில் இல்லை. தொட்டிக்குள் தேங்கிய வாயு அம்மையப்பனை அடித்துப் போட்டிருந்தது. "கயிறு அசையவே இல்ல" என்று கம்பெனியில் சாதித்தான். மனைவி சரோஜாவுக்கும் அப்படியே எழுதினான். அம்மையப்பன் அவளுக்கு ஒரே தம்பி. வா வா என்று அவனை நச்சரித்து, விசா எடுத்து அழைத்து வந்தவனும் வேலுச்சாமிதான். சவப்பெட்டி ஊருக்குப் போனபோது திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அவள் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு வேலுச்சாமி மேலே கயிறு பிடிக்க, அதே தொட்டியில் கூட வேலை செய்யும் பழனிச்சாமி இறங்கினான். அரைமணி கழித்து வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தான்.

"அண்ணே, கீழ இன்னொரு ஆளு யாரு? மூலையில நின்னு சொரண்டிக்கிட்டே இருக்காரு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறாரு."

"நீ மட்டுந்தானடா இறங்குன."

"போங்கண்ணே, வெளையாடாதீங்க." இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து ஓட்டைக்குள் விட்டுவிட்டு நிழல் தேடிப் போனான்.

வேலுச்சாமி கயிற்றைச் சுருட்டக் கை வைத்தான்.

கயிறு அசைந்தது.

ஒரே ஒருமுறை.

மேலே இருப்பவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கீழிருந்து யாரோ கேட்கிறார்கள்.

அவன் குனிந்தான். உள்ளே கும்மிருட்டு. கச்சா எண்ணெயும் துருவும் குமட்டின. அதற்கு நடுவே, அம்மையப்பன் தலையில் அப்பிக்கொள்ளும் விளக்கெண்ணெய் வாசம். சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாப்ள..."

சத்தம் நின்றது.

"நான் இங்க இல்லடா மாப்ள. தண்ணி குடிக்கப் போயிட்டேன். நீ இழுத்திருப்ப. நான்தான் இல்ல."

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது அழுகையாக வெடித்தது.

கயிறு மூன்று முறை இழுபட்டது.

வேலுச்சாமி இழுத்தான். ஓர் ஆளின் முழுக் கனம். உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தும் விடவில்லை. "வந்துரு மாப்ள, வந்துரு" என்று முனகிக்கொண்டே இழுத்தான். ஓட்டையின் விளிம்புக்கு வந்ததும் கனம் சட்டென்று போய்விட்டது. வெறும் கயிற்று நுனி. எண்ணெய் சொட்டியது.

ஓடிவந்த நெய்னா முகம்மதுவிடம், எல்லோர் காதிலும் விழ, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் சுற்றினார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உன் பொண்டாட்டிக்கு எழுது."

எழுதினால் அவள் இந்த ஜென்மத்தில் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கே எழுதிப் போட்டான்.

அந்தக் கடிதம் ஊர் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, பதினோராம் நாள் சரோஜாவின் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தான். அவன் கயிற்றை இழுத்த அதே நாள்.

'இன்னிக்கு மத்தியானம் தம்பி வந்துட்டான். ஒடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். மச்சானத் திட்டாதக்கா, பாவம், வெயில் தாங்காமத் தண்ணி குடிக்கத்தான் போனாருன்னு சொல்றான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. விளக்கு வச்சும் வெளியிலேயே உக்காந்திருக்கான். எவ்வளவு கெஞ்சியும் உள்ள வரல. நீங்க வந்து கூப்பிட்டாத்தான் வருவானாம். எப்ப வர்றீங்க?'