கடைசி வரிசை வரை எட்டும் வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பஞ்சு மண்டியின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை போட்ட நாற்காலியில் முதலாளி நவநீதகிருஷ்ணன். சுவரோரப் பெஞ்சில், ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு, லோடுமேன்களின் மேஸ்திரி சங்கையா. நிலைப்படிக்கு உள்பக்கம், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் வெறுந்தரையில் குத்தவைத்திருந்தவள் முத்துத்தாய்; செத்துப்போன லோடுமேன் பொன்னுச்சாமியின் பெண்டாட்டி, எம்.ரெட்டியபட்டிக்காரி. ஜன்னலோர மேசைக்குப் பின்னால், கோடு போடாத வெள்ளைத்தாளும் நீலப் பேனாவுமாக ஜெகதீஸ்வரி. மண்டிக்கு வரும் போகும் கடிதமெல்லாம் பதினாலு வருஷமாக அவள் கையெழுத்துதான். குடோன் சாவியும் அவள் கையில்தான்.

"எம் புருசன் செருப்பு எங்க? அத மட்டும் சொல்லுங்க," என்றாள் முத்துத்தாய்.

"வெறுங்காலோட வந்திருப்பான். லோடுமேன்ல பாதிப்பேரு அப்படித்தான வாரான்," என்றார் முதலாளி.

"பங்குனிப் பொங்கலுக்கு வாங்குன புதுச் செருப்பு. வெலைச் சீட்டக்கூடப் பிய்க்கல. கால்ல கடிக்குது கடிக்குதுன்னுட்டே மாட்டிட்டுப் போனாரு."

முதலாளி மேசைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா ஜெகதீஸ்வரி, அன்னைக்குப் பூட்டுனது நீதான? வாசல்ல செருப்பு கிடந்துச்சா?"

"இல்ல சார்."

"பிறகென்ன? அதையே எழுதிக் கையெழுத்துப் போடு. வியாழக்கிழமை தபால்ல சேத்துரு. தொழிலாளர் ஆபீசுல அதான் கேக்கான்."

"எழுது தாயி," என்றாள் முத்துத்தாய். "எழுதுறப்ப எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எழுது."

திருச்சுழி ரோட்டில், ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி நிற்கிற அந்தக் குடோனுக்கு ஜன்னல் கிடையாது. பஞ்சுக்கு நெருப்பு பயம் என்பதால் உள்ளே கரண்டும் இழுக்கவில்லை. உள்ளே போகிறவர் யாரானாலும், முதலாளியே ஆனாலும், செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். மண் ஒட்டினால் பஞ்சு கெடும், லாடம் உரசினால் பொறி பறக்கும். அந்த வழக்கமே நாளடைவில் ஆள் கணக்காகவும் ஆகிவிட்டது. சாயங்காலம் பூட்டும்போது யாரும் உள்ளே போய்த் தேட மாட்டார்கள். வாசலைப் பார்ப்பார்கள். செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை.

ஊர் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் லீவுக்காக, அதற்கு முந்தின சனிக்கிழமை பூட்டிய கதவு, நாலு நாள் கழித்துப் புதன்கிழமை திறந்தது. காய்ச்சலோடு, பேல் பேலாகக் கட்டிய பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிப்போன பொன்னுச்சாமி, திறந்த கதவோடு சேர்ந்து வெளியே சரிந்து விழுந்தான். தூத்துக்குடிக்கு லோடு ஏறிப் போயிருப்பான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் புதுச் சட்டம்: தினமும் பூட்டுமுன் ஜெகதீஸ்வரி டார்ச்சோடு கடைசி வரிசை வரை போய்க் குரல் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

முதலாளி எழுந்தபோது கரண்ட் போனது. வெயிலுக்காக ஜன்னல் கதவுகளைச் சாத்தி வைத்திருந்ததால் அறை மங்கியது. அவர் மேசை மேலிருந்த பழைய டார்ச்சை எடுத்துத் தரையில் வெளிச்சம் அடித்தார். சிமெண்டுத் தரையில், மேசைக்கும் முத்துத்தாய்க்கும் நடுவில், மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

வட்டத்துக்குள் இரண்டு இடங்களில் வெளிச்சம் விழவில்லை.

நீள்வாட்டில், பக்கத்துப் பக்கத்தில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு கறுப்புத் திட்டுகள். ஜெகதீஸ்வரி மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இது கண்ணு செத்த டார்ச்சு. நாளைக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக்க. ரொம்ப வெலையில போயிறாத," என்று சொல்லி அவர் அதை அணைத்தார்.

கண்ணாடியில் அழுக்காக இருக்கும் என்று அவள் முந்தானையால் துடைத்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வெயில் இன்னும் முழுசாகக் காய்ந்துகொண்டிருக்க, குடோனுக்குள் காலை வைத்ததும் பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாசமும் சாக்கின் புழுக்கமும் மூக்கில் ஏறி, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக அடுக்கிய பேல்களின் நடுச்சந்தில் அவளுடைய காலடிச் சத்தத்தைக்கூடப் பஞ்சு உறிஞ்சிக்கொண்டு, நடக்கிறோமா நிற்கிறோமா என்பதே தெரியாதபடி ஒரு அமைதி காதை அடைத்தது. "யாரு உள்ள?" என்றாள். குரல் வாயை விட்டு நாலடி போய் விழுந்துவிட்டது. டார்ச்சை நீட்டினாள். வெளிச்சம் எட்டின கடைசி இடத்தில், தரையில், அந்த இரண்டு திட்டுகள். இப்போது உருவம் தெரிந்தது. குதிகால் அவளைப் பார்த்து இருந்தது. யாரோ வெறுங்காலோடு அவளுக்கு முதுகு காட்டி நிற்பதுபோல.

பழைய டார்ச்சுதான். பல்பில்தான் ஏதோ கோளாறு. வெளியே வந்து பூட்டும்போது அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கடைவீதியில் ஆனந்தகுமார் எலெக்ட்ரிக்கல்ஸுக்குப் போனாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். வேண்டியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். எண்பது அடி எட்ட வேண்டும். கைப்பைக்குள் அடங்க வேண்டும். ஒரு கையால் போட்டு அணைக்க வேண்டும். கண்ணாடியில் கறை இருக்கக்கூடாது.

"போன்லயே டார்ச்சு இருக்கே அக்கா," என்றான் ஆனந்தகுமார்.

"பத்தடிக்கு மேல எட்ட மாட்டேங்குது."

அவன் ஒன்றொன்றாக எடுத்து வைத்தான். "இந்தப் பிளாஸ்டிக்கு நூத்தம்பது ரூவா. பின்னால இருக்குற பின்னை இழுத்துக் கரண்டுல சொருகணும். மூணு மாசம் எரியும், பிறகு பிள்ளைக விளையாடலாம். இது பேனா மாதிரி, சட்டைப் பையில குத்திக்கலாம், ஆனா பூச்சி பிடிக்கத்தான் ஆகும். இதப் பாருங்க, போலீசு, மிலிட்டரி எல்லாம் வச்சிருப்பாகள்ல, அந்த மாடலு. அலுமினியம். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது. பெட்டியில இத்தனை ஆயிரம் லூமென் வெளிச்சம்னு போட்டிருப்பான், அத நம்பாதீக; பத்துல ஒரு பங்குதான் வரும். அதுவே உங்களுக்குப் போதும். தலைய முன்னால இழுத்தா வெளிச்சம் குவிஞ்சு தூரத்துக்குப் போகும், தள்ளுனா பரவும். சுவிட்சு பின்னால, கட்ட விரலுக்கு வாட்டமா. அரை அழுத்து அழுத்துனா விட்டு விட்டு மின்னும். எவனாவது எதிர்ல வந்தான்னு வைங்க, கண்ணு கட்டி நின்னுருவான். அறுநூத்தம்பது. உங்களுக்காக அறுநூறு."

"மூஞ்சியில அடிச்சா யாரா இருந்தாலும் நின்னுருவாகளா?"

"மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா நின்னுதான ஆகணும்!" என்று அவன் சிரித்தான்.

கடையின் உள்ளறைச் சுவரில் அடித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, தட்டுப்போல முழு வட்டம். ஒரு கறை இல்லை. தரையில் அடித்தாள். அங்கேயும் இல்லை. பல நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. டார்ச்சுதான் கோளாறு. நல்லவேளை.

அன்று சாயங்காலம் குடோன் வாசலில் சங்கையாவும் இன்னும் இரண்டு லோடுமேன்களும் பீடி கூடப் பற்றவைக்காமல் நின்றார்கள். ஐந்து மாதமாக அவர்கள் அவளிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசுவதில்லை.

"புது டார்ச்சாக்கும்," என்றான் சங்கையா. "இது அன்னைக்கே இருந்திருக்கணும் மேடம்."

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். டார்ச்சுத் தலையைத் தள்ளி வெளிச்சத்தைப் பரப்பினாள். பேல்களில் கட்டிய இரும்புப் பட்டைகள் மினுங்கின. பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மெதுவாக மிதந்தது. தரை முழுக்கச் சுத்தமாகத் தெரிந்தது. பாதி வழி வந்ததும் தலையை முன்னால் இழுத்தாள். வெளிச்சம் குவிந்து, சந்தின் நுனிக்குப் பாய்ந்து, கடைசி வரிசையில் போய் விழுந்தது.

திட்டுகள் இருந்தன.

நல்ல டார்ச்சு. அதனால் நன்றாகத் தெரிந்தன. ஐந்து ஐந்து விரல்கள். வலது பெருவிரல் கொஞ்சம் விலகியிருந்தது. இடது குதிகாலில் வெடிப்பு. நேற்று முதுகு காட்டி நின்ற கால்கள் இன்று அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"யாரு?" என்றாள்.

கட்டை விரல் வழுக்கியதில் சுவிட்சு பாதி அழுந்தியது. டார்ச்சு மின்ன ஆரம்பித்தது.

வெளிச்சம். கால்கள் கடைசி வரிசையில்.

இருட்டு.

வெளிச்சம். கால்கள் ஒரு வரிசை இந்தப் பக்கம்.

இருட்டு.

வெளிச்சம். இன்னும் ஒரு வரிசை.

அவள் கட்டை விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. டார்ச்சை மேலே தூக்கினாள், மூஞ்சியில் அடிக்க. அங்கே மூஞ்சி இல்லை. பேலும் தூசியும்தான். கீழே இறக்கினாள்.

ஐந்தடி.

மூன்றடி.

பருத்திக்கொட்டை வாசத்துக்குள் புதுத் தோல் வாசம்.

ஓடினாள். கதவின் வெள்ளைச் சதுரம் பெரிதாகிப் பெரிதாகி அவளை வெளியே துப்பியது. மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. ஆண்பிள்ளைச் செருப்பு. பழுப்பு நிறத் தோல். வாரில் விலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

"உள்ள ஆள் இருக்கா மேடம்?" என்றான் சங்கையா மெதுவாக.

அவளுக்கு அந்தச் செருப்பைத் தெரியும். அந்தப் புதன்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தவள் அவள்தான். சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாசலைப் பார்க்காமலே பூட்டிவிட்டுப் போயிருந்தாள். பூட்டுக்குக் கீழே, நாலு நாள் தூசி படிந்து, அந்தச் செருப்பு ஜோடியாக நின்றது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் குனிந்து அதை எடுத்தாள். அந்த நேரத்தில்தான் இரும்புக் கதவின் உள்பக்கம் ஏதோ உரசியது. ஒரு தடவை. பிறகு, நகத்தால் தட்டுவதுபோல, இரண்டு தடவை.

அவள் கதவைத் திறக்கவில்லை. முதலில் கருவேலங்காட்டுக்குள் இருக்கிற பாழ்கிணற்றுக்குப் போனாள். செருப்பைப் போட்டாள். விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றாள். பையிலிருந்த பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினாள். சாவியோடு திரும்பி வந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திறந்தபோது அவன் உடம்பில் சூடு ஆறவில்லை.

"மேடம், உங்களத்தான் கேக்கேன். உள்ள ஆள் இருக்கா?"

"யாரும் இல்ல," என்றாள் ஜெகதீஸ்வரி. "பூட்டு."

சங்கையா அசையவில்லை. அவளே பூட்டினாள்.

அன்றிரவு வீட்டில் எல்லா விளக்கையும் எரியவிட்டு உட்கார்ந்து, இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்றில், அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி போட்டு, சம்பவ நாளன்று வாசலில் காலணி எதுவும் இல்லை என்று நாலே வரி. இன்னொன்றில், செருப்பு இருந்ததையும், கிணற்றையும், கதவில் தட்டிய சத்தத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். அது மூன்று பக்கம் வந்தது. எழுதி முடித்தபோது கொஞ்சம் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மண்டியில் முதலாளி, "எழுதிட்டியா?" என்றார். நாலு வரிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். "இதான் வேணும். இன்னும் எட்டு வருசம் இருக்கு உனக்கு சர்வீசு, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மூன்று பக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நேற்றிலிருந்து அவள் தரையைப் பார்ப்பதில்லை. வாசலில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்கு நடந்தாள். வழி முழுக்கப் பெருவிரலுக்குப் பக்கத்தில் வார் கடித்தது.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கம்பிக்குப் பின்னால் கிளார்க் தங்கலட்சுமி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்பீடு போஸ்டா அக்கா? ஒட்டலையே இன்னும்."

பசைக்கிண்ணத்தில் விரலை விட்டு உறையின் வாயைத் தடவி அழுத்தினாள் ஜெகதீஸ்வரி. ஒட்டிக்கொண்டது. கைப்பையில் போன் அடித்தது. சங்கையா.

"மேடம், எங்க இருக்கீக?"

"தபாலாபீசுல."

மறுமுனையில் சங்கையா குரலைத் தாழ்த்தினான்.

"இல்ல... உங்க செருப்பு குடோன் வாசல்ல கெடக்கு. சோடியா. உள்ள இருக்கீகன்னு நெனச்சுக் குரல் குடுத்தேன். வாரேன்னு பதில் வந்துச்சு."

போன் அவள் காதிலேயே இருந்தது. தங்கலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீட்டுக்காரரு செருப்ப மாட்டிட்டு வந்துட்டீகளா? வெலைச் சீட்டுக்கூடப் பிய்க்கல."

ஜெகதீஸ்வரி குனியவில்லை. கை மட்டும் பைக்குள் போயிற்று. அலுமினியத்தின் குளிர்ச்சி. கட்டை விரலுக்கு வாட்டமான சுவிட்சு. அதை எடுத்தாள். கீழே நீட்டினாள். அழுத்தினாள்.

பிறகு பார்த்தாள்.

நல்ல வெளிச்சம். தரையின் மண் துகள்வரை தெரிந்தது. பழுப்புத் தோல் தெரிந்தது. வார் தெரிந்தது. விலைச் சீட்டின் எண்கள் தெரிந்தன. சேலைக் கரை தெரிந்தது. கரைக்கும் செருப்புக்கும் நடுவில் இருந்தவற்றின் மேல் மட்டும் வெளிச்சம் விழவில்லை. ஐந்து ஐந்து விரல்கள். வலது பெருவிரல் கொஞ்சம் விலகியிருந்தது.

கம்பிக்குப் பின்னால் முத்திரை ஓங்கி விழுந்தது. தங்கலட்சுமி உறையைத் தூக்கிச் சாக்கில் போட்டாள்.