பேசும் பொத்தான்

பாலைவனப் புழுதியை அள்ளிவரும் கம்சீன் காற்று வீசும் நாட்களில், எகிப்தின் போர்ட் சையதில் நண்பகலே அந்திபோல இருக்கும். வானம் செங்கல் நிறத்தில் இறங்கி வந்து கூரைகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நாளில்தான் வக்தி, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய பிரெஞ்சுக்காரர் தெருவிலிருந்த அந்த மர பால்கனி வீட்டின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

கதவைத் திறந்த இன்ஸாஃபுக்கு அறுபது வயதிருக்கும். தலைத்துணியெல்லாம் புழுதி.

"காலையில கூப்பிட்டேன், இப்பத்தான் வர்றீங்க. வழியில ஒட்டகத்துல ஏறினீங்களா என்ஜினியரே?"

"ஒட்டகம் கிடைச்சிருந்தா சீக்கிரம் வந்திருப்பேன் மேடம். டாக்ஸிக்காரனுக்குக் கண்ணு தெரியல."

அவள் சிரித்தாள். அவனை உள்ளே அழைத்துப் போனாள். நடைக்கூடம் முழுக்கப் பழைய மரத்தின் வாசனை, அதற்கடியில் ஈரத் துணியின் புளித்த நாற்றம். அவளுடைய கணவர் மம்தூஹ் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முப்பது வருடம் சூயஸ் கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டிய மனிதர். பக்கவாதம் அடித்தபின் வாய் போய்விட்டது, உடம்பு போய்விட்டது. மிஞ்சியது வலது கையின் சுட்டுவிரலும், வலது முழங்காலில் கொஞ்சம் அசைவும்தான்.

அந்த ஒரு விரலுக்காகத்தான் கம்ப்யூட்டர். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய எழுத்து வரும்போது நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திய பெரிய மஞ்சள் பொத்தானை அவர் அழுத்துவார். எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல்லை ஸ்பீக்கர் வாசிக்கும். பொத்தானிலிருந்து ஒரு யு.எஸ்.பி. வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். மூன்று வருடத்துக்கு முன் அதை மாட்டிக் கொடுத்தவனே வக்திதான்.

"காலையில டீ கொண்டு வந்து வச்சேன். எப்படியோ கொட்டிடுச்சு. அதுலேர்ந்து எதுவும் வேலை செய்யல. கீபோர்டு இல்ல, மவுஸ் இல்ல, இவரு பொத்தானும் இல்ல" என்றாள் இன்ஸாஃப். "இவரு பேசலைன்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

வக்தி மேசைக்கடியில் குனிந்தான். எல்லா வயர்களும் வந்து சேரும் சின்ன ஹப் டீயில் ஊறிக் கிடந்தது. சர்க்கரை பிசுபிசுத்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கீபோர்டு, மவுஸ், பொத்தான் மூன்றையும் நேரே கம்ப்யூட்டரில் செருகினான். விளக்கு எரியவில்லை. வேறு துளை. அதிலும் இல்லை.

"பயப்படாதீங்க. ஹப்புல ஷார்ட் ஆயிருக்கு. மதர்போர்டைக் காப்பாத்தறதுக்காக கம்ப்யூட்டரே எல்லாத் துளைக்கும் கரண்ட்டை நிறுத்தி வச்சிருக்கு. உள்ள தேங்கின கரண்ட்டு முழுசா வடியணும். அவ்வளவுதான்."

கம்ப்யூட்டரை அணைத்தான். சுவரிலிருந்து பிளக்கை உருவினான். பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி மம்தூஹைப் பார்த்துச் சிரித்தான்.

மம்தூஹ் சிரிக்கவில்லை. அவர் கண்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. சுட்டுவிரல் மெல்ல இடமும் வலமும் அசைந்தது.

வேண்டாம் என்பதுபோல.

பாவம், வலிக்கிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு வக்தி பிளக்கைத் திரும்பச் செருகினான். கீபோர்டில் பச்சை விளக்கு வந்தது. மவுஸின் வயிற்றில் சிவப்பு ஒளி வந்தது. இன்ஸாஃப் நெஞ்சில் கைவைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

மஞ்சள் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. துளை மாற்றினான். செருகிய கருவிகளின் பட்டியலைத் திரையில் திறந்து பார்த்தான். கீபோர்டு, மவுஸ், அவ்வளவே. பொத்தானின் பெயரே அதில் ஏறவில்லை. அதன் வயரை உருவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைக் கழற்றினான்.

உள்ளே வயர் அறுந்து கிடந்தது. அறுந்த முனைகள் இரண்டிலும் கடற்காற்று ஏறிப் பச்சைக் களிம்பு தடித்துப் பொருக்காகியிருந்தது.

"மேடம், இது இன்னிக்கு அறுந்தது இல்ல. டீக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது செத்து மாசக்கணக்காகுது."

"என்ன சொல்றீங்க? நேத்து சாயங்காலம்கூடப் பேசினாரே."

"இதாலயா?"

"வேற எதால?"

வக்தி அறுந்த முனைகளைத் திரும்பவும் பார்த்தான். வெளியே மணல் கண்ணாடியை நகத்தால் சுரண்டுவதுபோல் சுரண்டியது.

"என்ன பேசுவார்?" என்று மெல்லக் கேட்டான்.

"முன்னெல்லாம் கப்பல், மீன், என் சமையலைப் பத்திக் கிண்டல், இதான். இப்பக் கொஞ்ச நாளா ஆளே மாறிட்டாரு. நர்ஸ் பையன் வேண்டாம், அனுப்பிடுன்னார். அனுப்பினேன். ரபாப் வந்தா தலை வலிக்குது, வரவேண்டாம்னு சொல்லுன்னார். பெத்த பொண்ணு, போன்ல அழுதா. அப்புறம் ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரை வயித்தை எரிக்குதுன்னார். அதையும் நிறுத்திட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குச் சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். கப்பல் பார்க்கணுமாம். நான் மட்டும் போதுமாம்."

"மாடியில ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரே இடிஞ்சு கிடக்கே."

"அந்தப் பக்கத்துலேர்ந்துதான் கப்பல் நல்லாத் தெரியும்னார்."

டிங்-டொங்.

எதையாவது புதிதாகச் செருகினால் கம்ப்யூட்டர் எழுப்பும் ஒலி. வக்தியின் இரண்டு கைகளிலும் பொத்தானின் இரண்டு பாதிகள் இருந்தன. இன்ஸாஃபின் கைகள் மடியில் இருந்தன. அவன் குனிந்து பார்த்தான். கீபோர்டு, மவுஸ். மற்றத் துளைகள் காலி.

பட்டியலில் மூன்றாவதாக ஒன்று ஏறியிருந்தது. பெயரில்லாத கருவி.

திரையில் எழுத்துகள் தாமாக நகரத் தொடங்கின. ஒவ்வொன்றாக நின்றன. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"இன்ஸாஃப்" என்றது ஸ்பீக்கர். "நேரமாகிறது. மாடிக்குப் போகலாம்."

அவள் முகம் மலர்ந்தது. "பாருங்க, பேசறாரே. சரியாயிடுச்சே."

வக்தி கையிலிருந்ததை அவள் முன் நீட்டினான். மூடி ஒரு கையில், அறுந்த வயர் ஒரு கையில்.

அவள் அதைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். மம்தூஹின் விரல் வெறும் கைப்பிடியின் மேல் அசையாமல் கிடந்தது.

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த மலர்ச்சி அவள் முகத்திலிருந்து எப்படி வடிந்தது என்பதை வக்தி பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

"என்ஜினியரே, உன் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போ" என்றது ஸ்பீக்கர்.

 போய்விடலாம் என்றுதான் வக்தியின் கால்கள் சொல்லின. ஆனால் அந்தக் கிழவரின் கண்களை விட்டு அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை. மவுஸைப் பிடித்து, பட்டியலில் அந்தப் பெயரில்லாததை முடக்கினான். எழுத்துகள் நின்றன. பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடேற்றி, களிம்பைச் சுரண்டி, வயரை ஒட்டவைத்தான். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டான். ஈயப் புகையின் வாசனையோடு இன்னொரு நாற்றமும் அறைக்குள் வந்தது. தேங்கிய கடல்நீரின் நாற்றம்.

வயரைத் திரும்பச் செருகி, பொத்தானை மம்தூஹின் விரலுக்கடியில் வைத்தான்.

"ஐயா, இப்ப நீங்க பேசுங்க."

விரல் நடுங்கி நடுங்கி அழுத்தியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யுகம். இன்ஸாஃப் தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"டீயைக் கொட்டியது நான்" என்றது ஸ்பீக்கர்.

அதே குரல்தான். எந்திரத்துக்கு இருந்தது ஒரே குரல்.

"முழங்காலால் தட்டினேன். அதன் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை."

"எது... எதோட வாய்?" என்று கிசுகிசுத்தாள் இன்ஸாஃப்.

விரல் திரும்பவும் தேடியது.

"இத்தனை நாளும் உன்னிடம் பேசியது நான் இல்லை."

டிங்-டொங்.

முடக்கியது திரும்ப ஏறியிருந்தது. மம்தூஹின் விரல் பொத்தானை விட்டு விலகியிருந்தது. ஆனாலும் எழுத்துகள் ஓடின. இப்போது அவை நிதானமாக ஓடவில்லை.

"பொய் சொல்கிறான். அவனை நம்பாதே. மாடிக்கு வா. மாடிக்கு வா. மாடிக்கு வா."

இன்ஸாஃப் பாய்ந்து போய்க் கணவனின் தலையை மார்போடு அணைத்து, அவர் காதுகளைப் பொத்தினாள். வக்தி சுவரிலிருந்து பிளக்கை வேரோடு பிடுங்குவதுபோல் பிடுங்கினான். திரை செத்தது. கீபோர்டின் பச்சை விளக்கு அணைந்தது.

கருமை.

டிங்-டொங்.

அதற்குமேல் அவர்கள் அங்கே நிற்கவில்லை. இருந்த கோலத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்கள். புழுதிக்குள் ஒரு டாக்ஸி கிடைத்தது. இஸ்மாயிலியாவில் இருந்த மகள் ரபாப், கதவைத் திறந்ததும் அப்பாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வரவேண்டாம்னு நீங்க சொன்னீங்கன்னு நெனச்சேன்ப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாத்திரை அன்றிரவே தொடங்கியது. டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, இன்ஸாஃபின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

வக்தி புதுக் கம்ப்யூட்டர், புதுப் பொத்தான் எல்லாம் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தான். குரலை மட்டும் ஒரு பெண் குரலாக மாற்றிவைத்தான். மம்தூஹ் முதலில் சொன்னது, "இந்தக் குரலில் நான் என் மாமியார் மாதிரி இருக்கிறேன்." இன்ஸாஃப் பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். கிளம்பும்போது வக்தி அவரருகில் குனிந்து, அது யார் என்று தெரியுமா என்று கேட்டான். விரல் வெகுநேரம் பொத்தானின் மேல் கிடந்தது. பிறகு அழுத்தாமலே விலகிக்கொண்டது.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பழைய வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரனிடம் கொடுத்தாகிவிட்டது.

ஒரு நாள் மதியம், போர்ட் சையதில் தன் கடையில் வக்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல வெயில். தெருவில் பேரீச்சம்பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். இஸ்மாயிலியாவிலிருந்து இன்ஸாஃப் போன் செய்தாள்.

"என்ஜினியரே, இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் வெளியிலேயே நின்னு கூப்பிடறீங்க? கதவு திறந்துதான் இருக்கு. ரபாப் வேலைக்குப் போயிருக்கா. உள்ள வந்து ஒரு டீ குடிங்க."

வக்தி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"மேடம், நான் என் கடையில இருக்கேன்."

 மறுமுனையில், அவளுக்குப் பின்னால், தூரத்தில், படிக்கட்டுப் பக்கமிருந்து ஒருவன் உற்சாகமாகக் கூப்பிடுவது போனில் தெளிவாகக் கேட்டது.

"மேடம், மாடிக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

அது வக்தியின் குரல்.