ஏழாம் கிணற்றின் மட்டம்

ஏழாம் கிணற்றுக்கு அன்றைய பொய்யை நஞ்சப்பன் இன்னும் எழுதவில்லை. ஆனால் அது தாளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

பச்சைக் கோடுகள் ஓடும் அகலமான தாள். நிலத்தடி நீர் ஆராய்ச்சித் திட்டத்தின் ஜீப்பில் முந்தின நாள்தான் வந்தது. எருத்தேன்பதியைச் சுற்றிப் பன்னிரண்டு கிணறுகளில் அவன் தினமும் காலையில் டேப்பை இறக்கித் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வான். அந்த எண்களை எங்கோ பெரிய ஊரில் அட்டைகளில் துளைபோட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். வரப்போகும் மாதத்துக்கான எண்களை அது அச்சடித்துத் திருப்பி அனுப்பியது.

தாளில் கண்ட எண்ணோடு அவன் வேண்டுமென்றே இரண்டு சென்டிமீட்டர் கூட்டி நோட்டில் எழுதினான். பிறகு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். முதலில் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவன் கூட்டி எழுதிய எண்தான் அதில் இருந்தது.

ஏழாம் கிணறு அவன் வீட்டுக் கிணறு. போன வருஷம் நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில், மழையே இல்லாமல், அதில் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ஏறியதை எழுதினான். நேரத்தையும் எழுதினான். எட்டிப் பார்க்காமல், சைக்கிளை மிதித்துக்கொண்டு எட்டாம் கிணற்றுக்குப் போனான். அவன் மனைவி முத்தாத்தாளைச் சாயங்காலம்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கிணற்றில் டேப்பை இறக்கவில்லை. வீட்டுக்கான தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்தில் எடுத்தார்கள். ஏழாம் எண்ணுக்கு நேராக மனசில் வந்ததை எழுதினான். அழவும் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிவதில்லை. மகள் கமலாத்தாள்தான் சொல்வாள். அவளுக்குப் பத்து வயது.

"அண்ணாச்சி, ஒங்க ஏழாம் கிணறுதான் மெசினுக்குச் செல்லப்பிள்ள," என்றிருந்தார் முந்தின நாள் தாளைக் கொண்டுவந்த ஆராய்ச்சியாளர் செல்லத்துரை. "மத்ததுலல்லாம் கூடக்கொறையச் சொல்லுது. அதுல மட்டும் மயிரிழ பிசகல. இப்படியே போனா அடுத்த வருசம் நீங்க கிணறு கிணறா அலைய வேண்டாம்லா."

அப்போதே நஞ்சப்பன் தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தான். நவம்பர் பன்னிரண்டு. பதினொன்றாம் தேதி ஒன்பது மீட்டர் நாற்பத்து நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர், மறுநாள் நாற்பத்து மூன்றரைக்கு ஏறுகிறது.

"அன்னைக்கு மழ வருமுங்களா?"

"மழக் கணக்க இன்னும் அதுக்குக் குடுக்கவே இல்ல. போன வருசம் இதே தேதிக்கு ஒரு ஏத்தம் இருக்கு. அதப் படிச்சிட்டுத் திருப்பிப் போடுது."

"அப்ப ஒண்ணு ஏறுச்சுங்க. இதுல அரைதானுங்களே இருக்குது?"

செல்லத்துரை சிரித்தார். "அது ஏன்னு மெசினத்தான் கேக்கணும். எங்களுக்கே தெரியாது."

நஞ்சப்பனுக்குத் தெரிந்தது. அரை. பாதி எடை. முற்றத்தில் கமலாத்தாள் ஒற்றைக் காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் தேதி அவளை நல்லேப்பிள்ளியில் இருக்கும் அவள் மாமன் குப்பண்ணன் வீட்டுக்கு அனுப்பினான்.

"நானில்லாட்டி டேப்பை ஆரு புடிப்பாங்களாமா?" என்றாள் அவள், பஸ்ஸில் ஏறாமல்.

"மூணு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது சாமி. ஏறு."

மாதம் ஒருமுறை டேப் நீண்டுவிட்டதா என்று முற்றத்துத் தரையில் போட்டுச் சரிபார்ப்பார்கள். பித்தளை முனையைக் கோட்டில் வைத்துப் பிடிப்பது முத்தாத்தாளின் வேலையாக இருந்தது. பிடித்தாயிற்று என்பதற்கு மெல்ல இரண்டு இழுப்பு. இப்போது அதைக் கமலாத்தாள் செய்தாள். அதே இரண்டு இழுப்பு.

வீடு திரும்பிக் கிணற்று வாயில் பனந்தடிகளை அடுக்கினான். அவற்றின் மேல் வேலமுள் வெட்டிப் போட்டான். கையெல்லாம் கிழிந்தது. வலி எங்கோ தள்ளி, வேறு யாருக்கோ இருப்பதுபோல இருந்தது.

பன்னிரண்டாம் தேதி எட்டு மணிக்கு வெயில் வந்துவிட்டது. கணவாய்க் காற்று பனைமட்டைகளை உரசிக்கொண்டே போக, கடலைக்காட்டிலிருந்து காய்ந்த மண்ணின் வாசனையும், அதற்கு அடியில், ஒரு வருஷம் யாரும் இறைக்காத தண்ணீரின் பாசி வாசனையும் வந்தன. முள் போட்டபடியே இருந்தது. ஒரு கிளைகூட நகரவில்லை. மட்டத்தை உண்மையாகவே அளந்துவிட வேண்டும். தாளில் இருக்கும் எண் வராமல் போனால், மெஷின் பொய். சாயங்கால பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம்.

தடிகளின் இடுக்கில் டேப்பை இறக்கினான். பித்தளை முனை சுவரில் பட்டது. மறுபடி பட்டது. பிறகு தண்ணீரைத் தொடும் அந்தச் சின்ன ஓசை.

ஒன்பது மீட்டர். நாற்பத்து மூன்றரை.

மீண்டும் தூக்கி இறக்கினான். நாற்பத்து மூன்றரை.

வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. குப்பண்ணன், வேர்த்து விறுவிறுத்து.

"ஏனுங் மாப்ள, புள்ள வந்து சேந்துட்டாளா? வெடியால மொத பஸ்ஸுலயே ஏத்தியுட்டனே. அப்பன் தனியா டேப்புப் புடிக்க முடியாதுன்னு ராத்திரியெல்லாம் ஒரே அழுவாச்சி. மனசு கேக்கல, பின்னாலயே மிதிச்சுட்டு வந்தேன்."

நஞ்சப்பன் கிணற்று வாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஊட்டுக்குள்ள இருக்கறாளா?" குப்பண்ணன் உள்ளே போனார். "அம்மிணி! கமலா!" குரல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனது. சமையல்கட்டு. மறுபடி முன்னறை.

முள் நகரவில்லை. ஒரு தடிகூட. இந்த இடுக்கில் ஒரு கைதான் நுழையும்.

நோட்டை எடுத்தான். கை தானாக எழுதியது. ஒன்பது, நாற்பத்து மூன்றரை. நேரம், எட்டு பத்து. அடுத்தது எட்டாம் கிணறு.

டேப்பைச் சுற்றத் தொடங்கினான். வரவில்லை.

"கமலா!" என்றார் குப்பண்ணன், வீட்டுக்குள்.

காற்று நின்றது.

டேப் விறைத்தது. கீழேயிருந்து, மெல்ல, ஓர் இழுப்பு.

பிறகு இன்னொன்று.