பாட்டு ஏற்றாத டிஸ்க்

அடி அண்ணாமலையில் சந்திரகலாவின் வீட்டுக்கு நான் போனது பேய் பார்க்க அல்ல. என் பழைய டிவிடி பிளேயரைக் காட்டிப் பீற்றிக்கொள்ள. இட்லித் தட்டைச் செருகினால்கூடப் படம் காட்டும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

வெளியே வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் அது எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில், யாரும் பூ வைக்காத வீட்டில், வாடிய மல்லிகையின் வாடை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

சந்திரகலாவின் அக்கா அருணாதேவி, மகள் மதிவதனி கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச்சேர்ந்துவிட்டாள். வளர்த்தது சித்திதான். தையில் மதிவதனிக்குக் கல்யாணம். அதற்குள் அம்மாவின் குரலை ஒரே ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று அந்தப் பெண் தவித்தாள். ஆனால் காதுகுத்து வீடியோ முழுக்க, நம்மூர் வழக்கப்படி, ஸ்டுடியோக்காரர் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு டூயட்! கெஞ்சிக் கூத்தாடி, பாட்டு ஏற்றுவதற்கு முந்தைய டிஸ்க்கை வாங்கி வந்திருந்தாள். லேப்டாப், புது பிளேயர், எதுவும் அதைச் சீண்டவில்லை.

என்னுடையது விழுங்கியது. கரகரவென்று மென்றது. படம் வந்தது. தாய்மாமன் இல்லாத குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு அருணாதேவி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

சத்தம்தான் இல்லை. 'இந்த ஒலி வகையை இயக்க முடியாது' என்று திரையின் அடியில் ஒரு வரி.

மதிவதனி அழவில்லை. திரைக்கு முன் மண்டியிட்டு, அம்மாவின் உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் உதட்டை அசைத்தாள். என்ன பேசுகிறாள் என்று அப்படியாவது தெரியாதா என்று.

முதலில் பொருந்தவில்லை.

பிறகு பொருந்தியது.

"கலா, கொழந்த தலைய கெட்டியா புடிச்சிக்கோடி."

குரல் டிவியிலிருந்து வரவில்லை. மதிவதனியின் தொண்டையிலிருந்து வந்தது.

சந்திரகலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா," என்றாள், மூச்சுக்குள்.

திரையில் ஆசாரி ஊசியைக் குழந்தையின் காதில் இறக்கினார். அப்போதுதான் டிவிக்கே சத்தம் வந்தது. கைக்குழந்தை வாயைப் பிளந்து, மதிவதனியின் குரலில் அலறியது.

"சித்தி, என்ன வெளிய எடு சித்தி. வலிக்குது."

என் வழுக்கையில் இல்லாத மயிரெல்லாம் எழுந்து நின்றது, சத்தியமாக.

மதிவதனியின் உடம்பு நிதானமாகத் திரும்பி, காலை நீட்டி உட்கார்ந்தது. பசிக்கிறது என்றது, அருணாதேவியின் குரலில். சோறு எடுத்து வரச் சொன்னது.

மறுபடி முதலிலிருந்து ஓட்டி மறுபடி வாயசைக்க வைத்தால் பெண் திரும்பி வரலாம் என்று சந்திரகலாவின் காதில் கிசுகிசுத்தேன். அவள் டிவியைப் பார்த்தாள். ஊட்டி வளர்த்த பெண் அங்கே அலறிக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிளேயரிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுத்தாள். அலறல் பாதியில் நின்றது.

படக்கென்று ஒடித்தாள்.

"பொண்ணு எப்படியும் தையில போயிடுவா சார்," என்றாள். "அக்கா இருப்பா."

பிறகு தட்டு வைக்கப் போனாள்.

நான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். பொய் சொல்வானேன், அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இப்படி ஒரு கதை யாருக்குக் கிடைக்கும்?

நேற்று, பௌர்ணமி கிரிவலத்தை எடுத்துவைத்த பென்டிரைவை அந்த பிளேயரில் செருகினேன். லட்சம் பேர் நடக்கிறார்கள். அரோகரா போட லட்சம் வாயும் ஒன்றாகத் திறக்கிறது.

வருவது ஒரே குரல்.

"சித்தி, கதவ தொற."