வேலிக்கு வெள்ளைத் துணி

"முதலாளி, எனக்கு வெள்ளைத் துணி வேணும். ஒரு மூட்டை!"

வாசற்படியில் நின்ற அப்பா முருகேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய்த சேலையைக் கொடுக்கக் கிளம்பும்போதே மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலாளி வீட்டில் எதுவும் கேட்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர்கூட!

கண்ணாயிரம் முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எதிரே பத்து வயது லோகாம்பாள்.

"துணி எதுக்கு பாப்பா?"

"மானுக்கு."

"மானுக்கா? பாவாடை தைக்கப் போறியா?" முதலாளியின் தொந்தி குலுங்கியது.

லோகாம்பாள் சிரிக்கவில்லை.

"எங்க வீரபாகு மாமா ஜவ்வாது மலையில காட்டு வாட்சர். நேத்துதான் வந்தாரு. ஆடுங்களும், மரம் வெட்டுறவங்களும் நுழையாம காட்டைச் சுத்திக் கம்பி வேலி போட்டிருக்குது. இப்ப செடியெல்லாம் இடுப்பளவு வளந்துக்கினு இருக்குது. ஆனா கம்பி மான் கண்ணுக்குத் தெரியல. ஓடியாந்து மோதிக்குது. ஒரு குட்டிக்குக் கால்ல ரத்தம். ஊர்க்காரங்க வேலியையே பிடுங்கணும்ன்றாங்க. பிடுங்கினா, ஆடு வந்து ஒரு செடி விடாது."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"காலைல எங்க தெருவுல பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுறோமில்ல? சைக்கிள்காரங்க நூல் தெரியாம மோதிடப் போறாங்க, ஓரமா வெள்ளைத் துணி தொங்கவிடுன்னு சொல்றது யாரு? நீங்கதானே! நூலுக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயமா?"

"லோகா!" என்றார் அப்பா.

முதலாளி உள்ளே போனார். சிவப்புத் துணிக் கட்டு ஒன்றோடு வந்தார். "இந்தா, எடுத்துக்கினு போ."

"சிவப்பு ஆவாது. மான் அந்தியிலதான் தண்ணிக்கு வரும். அப்போ சிவப்பு கருப்பாத் தெரியும். வெள்ளைதான் வேணும்."

"குடுக்கிறதுலயும் குத்தம் சொல்றாளே! முருகேசா, இவ யாரு மாதிரிப்பா?"

"அவங்க அம்மா மாதிரிங்க," என்றார் அப்பா அவசரமாக.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலை பொதிந்த பழைய வெள்ளைத் துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன. "எல்லாம் உனக்குத்தான். எடுத்துக்கோ."

லோகாம்பாள் மூட்டை கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"அம்மாம் நீள வேலி! உங்க மாமா ஒத்தை ஆளு எப்படிக் கட்டுவாரு?"

"நாளைக்கு ஸ்கூல் லீவு. காலை பஸ்ல நானும் போறேன்."

"உங்கப்பா விடுவாரா?"

பதில் சொல்ல அப்பா வாயெடுத்தார். அதற்குள் மூட்டை படியிறங்கித் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"சீக்கிரம் வாப்பா!" என்று மூட்டைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னிக்கே கிழிச்சு வெச்சாத்தான் நாளைக்குக் கட்ட முடியும்!"