நீர் விடாத மதில்

கார்த்திகைத் தீபத்து மாலையில் பாத்திரம் கழுவுவதற்காகப் பின்புறம் வந்த சர்மிளாவின் பாதங்கள்தாம் அதை முதலில் உணர்ந்தன. தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நின்ற லயத்தின் பின்சுவருக்கும் மலையைத் தாங்கி நின்ற கருங்கல் மதிலுக்கும் இடையே ஓடும் வடிகால் கானில் நீரோட்டம் இல்லை. நாள்கணக்காக ஓயாது பொழிந்த மழையில் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு முழுவதும் ஊறி, தேயிலைத் தூர்களிலிருந்தெல்லாம் செந்நீர் சுரந்து, பாதைகள் ஓடைகளாகி இரைந்துகொண்டிருக்க, இந்த ஒரு கானில் மட்டும் கூரைத் தகரம் சொட்டிய நீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு எழுந்த அந்த மதிலில், மலை குடித்த நீர் வெளியேறுவதற்காக, கை நுழையும் அகலமுள்ள குழாய்களைக் கீழ்வரிசை மேல்வரிசையாகப் பதித்திருந்தார்கள். நேற்றுவரை மேல்வரிசைத் துளைகள் செம்மண் கரைசலைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சலசலப்பைத் தாலாட்டாகக் கேட்டே அவள் உறங்கிப் பழகியிருந்தாள். இன்று ஒரு துளையிலும் ஒரு சொட்டும் இல்லை.

நீர் ஓய்ந்த அமைதிக்குள் வேறோர் ஓசை இருந்தது. தப், தப் என்று, ஈரமான ஒன்றை உள்ளங்கையால் தட்டிப் பரப்பும் ஓசை. விடியற்காலையில் லயத்து வீடுகளில் ரொட்டி தட்டும்போது கேட்குமே, அதே நிதானம், அதே இடைவெளி. யார் வீட்டிலோ என்று நினைத்துத் திரும்பியவளுக்கு, லயத்தில் யாருமே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்து, நண்பகலிலேயே எல்லாரும் மூட்டை முடிச்சுகளோடு பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் அவளும் அவளுடைய மாமியார் பேச்சியம்மாவும் மட்டுமே.

ஓசை மதிலுக்குள்ளிருந்து வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்றதொரு பெருமழையில்தான் மேல் லயம் சரிந்தது. உறங்கியவர்களை எழுப்பிவிட்டு வருகிறேன் என்று டார்ச்சு விளக்கோடு மேலே ஓடிய அவள் கணவன் துஷாந்த் திரும்பவில்லை. அவனோடு சேர்த்து ஏழு பேர். ஒரு விரல்கூடக் கிடைக்காமல் தேடுதல் நின்றது. ஐயர் வந்து, உடலில்லாமலேயே கிரியைகளைச் செய்து முடித்தார். பின்பு வந்த கொந்தராத்துக்காரர், சரிந்த மண் கீழ் லயத்தின் மேலும் இறங்கிவிடாதிருக்க இந்த மதிலை எழுப்பினார். முதுகுப்புறத்தில் சல்லியும் கல்லும் நிரப்பி நீருக்கு வழி விட்டிருக்க வேண்டிய இடத்தில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்தச் சரிந்த மண்ணையே தள்ளி நிரப்பிவிட்டுப் போனார். அந்த மண்ணுக்குள்தான் அவர்கள் இருந்தார்கள்.

அடுத்த மழைக்கே மதில் வயிறு தள்ளியது. நடுவில் ஒரு வெடிப்பு ஓடியது. நுவரெலியாவிலிருந்து வந்த பொறியியலாளர் அந்தப் பிதுக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னார். மதிலைத் தள்ளுவது மண் அல்ல, மண்ணுக்குள் சிறைப்பட்ட நீர். வெடிப்பின் மேல் சிமெந்து பூசுவதால் ஆவது ஒன்றுமில்லை. மழை விட்ட மாதத்தில் மேலிருந்து தோண்டி, நிரப்பிய மண் முழுவதையும் அள்ளி அகற்றி, அடியில் துளைக்குழாய் கிடத்தி, சல்லி நிரப்பி, பிதுங்கிய பகுதியை அத்திவாரத்திலிருந்து மறுபடியும் கட்ட வேண்டும். மலைச்சரிவிலிருந்து வரும் நீரை மதிலின் தலைக்கு மேலேயே வேறு கானில் திருப்ப வேண்டும். அதுவரை துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள் என்றார்.

மறுத்துப் பேசியவர் ஒருவருமில்லை. ஆனால் தோண்டும் இயந்திரம் வந்த அன்று பேச்சியம்மா அதன் வாளிக்கு முன்னால் போய் அமர்ந்துகொண்டாள். "எம் புள்ளய இதுலயா அள்ளப் போறீங்க?" என்று கேட்டாள். இயந்திரம் வந்த வழியே திரும்பியது.

அதன் பிறகு, அகல் வைப்பதற்கு வேறு சமாதி இல்லாத ஏழு குடும்பங்களும் கீழ்வரிசையில் ஆளுக்கொரு துளையைத் தமக்கெனக் கொண்டன. ஒழுகும் நீர் சுடரை அணைத்துவிடும் என்பதால் உள்ளே களிமண்ணை அப்பி, அதன் முன்னே விளக்கை வைத்தார்கள். ஏழுதானே, மற்றவை திறந்துதானே கிடக்கின்றன என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். சர்மிளாவும் அப்படித்தான் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி!"

அவள் திடுக்கிட்டாள். வெடிப்புக்குச் சிமெந்து பூசிய மேசன் முத்துலிங்கம், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னமுமா இருக்கீங்க? றோட்டுல ஆட்டோவ நிப்பாட்டிட்டு ஓடி வாறேன். அத்தைக்கு என்ன, கலியாண வீட்டுக்குச் சொல்ற மாதிரி வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமோ?"

உள்ளிருந்து எண்ணெய்ப் போத்தலும் அகல்களுமாக வந்த பேச்சியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வாயப் பாரு. நீ பூசுன சிமெந்து மாதிரியேதான் ஒன் பேச்சும். மேலால வழுவழுன்னு, உள்ளுக்கு ஒண்ணுமில்ல."

"சரி, நான் பூசுனது பிசகுதான். இப்ப வாங்க."

"மொதல்ல வெளக்கு. பொறகு எங்க வேணுன்னாலும் வாறேன்."

"அண்ணே, கான பாருங்க" என்றாள் சர்மிளா. "தண்ணியே வரல."

முத்துலிங்கம் கானைப் பார்த்தார், மேல்வரிசையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு ஈரச் சுவரில் அப்பிய சுண்ணாம்பு போல் உதிர்ந்தது. "மேல யாரு அடைச்சா?" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு, "நான் போயி ஆட்டோவக் கோயில் வளவு வரைக்கும் கொண்டாறேன். நீ எப்படியாச்சும் அத்தைய கூட்டிக்கிட்டு வா, தங்கச்சி. தூக்கிக்கிட்டாவது வா" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினார். மூடுபனி அவரை இடுப்புவரை விழுங்கி, பின்பு முழுதும் விழுங்கியது.

பேச்சியம்மா கீழ்வரிசையில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டே போனாள். திரியிலிருந்து எழுந்த நல்லெண்ணெய் மணமும், மழையில் நொந்த மண்ணின் மணமும், எங்கோ அழுகும் வேரின் மணமும் கலந்து அந்தக் குறுகிய சந்தில் தேங்கின. ஏழு சுடர்கள். ஏழும் காற்றே இல்லாத அந்த இடத்தில் மதிலை நோக்கிச் சாய்ந்தன, யாரோ உள்ளிருந்து மெல்ல மூச்சை இழுப்பது போல. சர்மிளாவின் உதடுகள் தாமாகவே ஆறெழுத்தை உருவேற்றத் தொடங்கின. குன்றுதோறும் குடியிருப்பவன் இந்தக் குன்றிலும் இருப்பான் என்று சிறுவயதிலிருந்து நம்பியவள் அவள். இன்று அந்தப் பெயர் நாவில் ஈரமின்றி உருண்டது.

தப். தப். தப்.

ஒரு துளையையாவது திறந்துவிட்டால் நீர் கொட்டிவிடும், நீர் கொட்டிவிட்டால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் இந்தக் கிழவியை இழுத்துக்கொண்டு படியேறும் நேரமாவது மதில் நிற்கும். அந்த ஒரே எண்ணத்தோடு அவள் வீட்டுக்குள் ஓடி, கூரைச் சட்டத்தில் செருகியிருந்த துஷாந்தின் கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வந்தாள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது அவன் வலது பெருவிரலைக் குறுக்கே பிளந்த கத்தி அது. அந்தக் காயம் ஆறியும் சாய்வான ஒரு வடு விரலின் சதையில் நிலைத்துவிட்டிருந்தது. அவன் அவளுடைய கன்னத்தைத் தொடும்போதெல்லாம் அந்த வடுவை அவள் உணர்ந்திருக்கிறாள்.

பாத்திரம் கழுவும் கல்லின் மேல் ஏறி நின்று, மேல்வரிசைத் துளை ஒன்றுக்குள் கத்தியின் வளைந்த நுனியை விட்டாள். களிமண். புதிதாகப் பிசைந்த, பதமான களிமண். கொக்கி போட்டு இழுத்தாள். அது முழுதாக, வழுக்கிக்கொண்டு, அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

நீர் வரவில்லை.

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவளை நோக்கியிருந்த பக்கம் குழாயின் வாயளவுக்கு உருண்டு மொழுக்கென்றிருந்தது. திருப்பினாள். உட்பக்கத்தில், பிடி கொழுக்கட்டையில் பதிவதைப் போல, நான்கு விரல்கள் அழுத்திய பள்ளங்கள். அவற்றுக்கு எதிரே ஒரு பெருவிரலின் பள்ளம். அந்தப் பள்ளத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

உள்ளிருந்து அடைத்திருந்தார்கள்.

கொழுக்கட்டை கையிலிருந்து நழுவிக் கானில் விழுந்தது. அவள் கல்லிலிருந்து எப்படி இறங்கினாள் என்பதை அறியாள்.

"அத்த, வாங்க. போவோம். வெளக்கு வச்சாச்சு. வாங்க அத்த."

பேச்சியம்மா அசையவில்லை. வரிசையின் கடைசியில், தன் மகனுடைய துளையின் முன்னே, கானுக்குள் முழந்தாளிட்டு, நெற்றியைக் கல்லில் சாய்த்திருந்தாள். அங்கே வைத்த அகல் கானில் கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் குழாய்க்குள் இருந்தது.

"அத்த! கைய எடுங்க!"

"மெதுவா பேசு புள்ள." கிழவியின் குரலில் பல காலமாக இல்லாத ஒரு குழைவு. "புடிச்சிருக்கான்."

சர்மிளா அவளை இரு தோள்களிலும் பற்றி இழுத்தாள். ஈரத் துணி மூட்டையளவு கனமில்லாத அந்த உடம்பு, மதிலோடு சேர்த்துக் கட்டிய கல்லைப் போல் கிடந்தது. மறுபடி இழுத்தாள். குழாய்க்குள் எலும்பு ஏதோ சற்றே முறுகும் ஓசை. பேச்சியம்மா வலி என்று சொல்லவில்லை. சிரித்தாள்.

மதிலின் வயிற்றில், முத்துலிங்கம் பூசிய சிமெந்து ஓடு போல் பிளந்து, பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னே வெடிப்பு இப்போது ஒரு கை அகலம். கற்கள் ஒன்றோடொன்று பல் நெரித்தன.

தட்டும் ஓசை நின்றது.

மூச்சை இழுத்திருந்தது எதுவோ, அதை வெளியே விட்டது. வெளியில் எரிந்த விளக்குகள் அத்தனையும் ஒரே ஊதலில் அணைந்தன. இருள். மழை. திரி புகையும் மணம்.

பிறகு வெளிச்சம். மங்கலான மஞ்சள் வெளிச்சம். கல்லின் மேலேறி அவள் திறந்த துளைக்குள்ளிருந்து.

அவள் மறுபடி கல்லின் மேல் ஏறினாள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று அறிந்திருந்தாள். பார்த்தாள். குழாயின் மறுகோடியில், களிமண்ணைத் தட்டிச் சமன் செய்து, ஓர் அகல். அதில் சுடர் நின்று எரிந்தது. சுடரைக் காற்றிலிருந்து காக்க, மலரும் மொட்டைப் பொத்துவது போல் ஒரு கை அதைச் சூழ்ந்திருந்தது. சேறு படிந்த கை. பெருவிரலில் வடு.

பக்கத்துத் துளையின் களிமண் பொத்தென்று கானில் விழுந்தது. அங்கும் ஒரு சுடர்.

"பாத்தியா புள்ள" என்றாள் பேச்சியம்மா, நெற்றியைக் கல்லிலிருந்து எடுக்காமல். "அவங்களும் வெளக்கு வைக்கிறாங்க. நாம செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி."

இரண்டு. சர்மிளா மேல்வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். மற்றத் துளைகள் எல்லாம் மூடி, இருண்டு, அமைதியாக இருந்தன. இரண்டே இரண்டு.

ஓடலாம். தனியே ஓடலாம். படிகள் அதோ. இறங்கி வந்து பற்றிய கிழவியின் தோளை அவள் கை விடவில்லை. அவன் விட்டுப் போன தோள். பற்ற வேறு யாரும் இல்லாத தோள். முருகா என்றாள்.

மதில் முன்னே சாய்ந்தது. சிறிதளவே. மேலிருந்து சேறு ஒழுகி அவள் தலைமுடியில் விழுந்தது.

அப்போது படிகளின் உச்சியில், பனிக்குள், டார்ச்சு வெளிச்சம் ஆடியது. செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு.

"தங்கச்சி! எங்க இருக்கீங்க? நான் வந்துட்டேன்! பயப்படாத!"

"வராதீங்க அண்ணே!" அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். "வராதீங்க! திரும்பிப் போங்க!"

மழை அதைத் தின்றது.

செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. ஒரு படி. இன்னொரு படி. கடைசிப் படி.

மேல்வரிசையில், மூன்றாவது துளையிலிருந்து களிமண் மெல்ல நகர்ந்து விழுந்தது. உள்ளே ஒரு கை, பொறுமையாக, திரியை நிமிர்த்திவிட்டது.