சுண்ணாம்பு முட்டை

பொழுது சாயும்போதே தாமாகக் கூட்டில் ஏறிவிடும் கோழிகள், அன்று ஐந்தும் துவைக்கும் கல்லின் மேல் நெருக்கியடித்து நின்றன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. அடைக்கோழி கேறும் சத்தமோ காலியான கூட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஆறாவது கோழி கருப்பி. அதைக் காணாமல் நான்கு நாளாகிறது. தையல்காரி தேடாத புதரில்லை, கேட்காத வீடில்லை. "கீரி தூக்கியிருக்கும்க்கா, மிச்சத்தையும் வித்துடு," என்று தம்பி மூன்று வேளையும் ஓதிக்கொண்டிருந்தான். பஸ் கண்டக்டர், எல்லாரையும் இறங்கச் சொல்லியே பழகிய வாய்.

"என் கோழி, என் கொல்லை. எவனுக்குப் பயந்து விக்கணும்?" என்று அவனை அடக்கியிருந்தாள்.

கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிடாமலிருக்க, சுண்ணாம்பில் ஒரு பொய் முட்டை பிடித்து வைக்கோலில் வைப்பது அவள் வழக்கம். அதைப் பார்க்கிற கோழி, இது நல்ல இடம் என்று நம்பி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கருப்பி போன அன்று அந்த முட்டையும் போயிருந்தது. அது இருந்த இடத்தில், கூட்டு வாசலோரம், அவள் எப்போதோ தொலைத்த பித்தளை விரலுறை கிடந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே, பழைய கத்தரிக்கோல். நேற்று, தோள்வரை கையை விட்டுத் துழாவினால்தான் எட்டும் தூரத்தில், செத்துப்போன அம்மாவின் தோடு. கோழிகள் சீய்த்துக் கிளறியிருக்கும் என்று அள்ளிக்கொண்டு வந்தவளுக்கு, அந்தக் கூட்டின் ஆழமே ஒரு முழம்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் குனிந்து டார்ச் அடித்தாள். ஈரச் சுண்ணாம்பின் வாடை முகத்தில் அடித்தது. வெகு தொலைவில், கருப்பி உட்கார்ந்திருந்தது.

"அடி என் ராசாத்தி," என்று கையை நீட்டினாள்.

விரலில் இறகு பட்டது. இறகுக்குக் கீழே சில்லென்றிருந்தது. சூடில்லை. மூச்சில்லை. காலில்லை. கேறும் சத்தம் கருப்பியிடமிருந்து வரவில்லை. அதற்குப் பின்னாலிருந்து வந்தது.

ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக. கோழியைக் கையில் எடுத்துச் சதை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"விடு சனியனே!"

இடக்கையால் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை உருவிக் குத்தினாள். மறுபடி குத்தினாள். பிடி விட்டது. கதவை அறைந்து சாத்தி, குறுக்கே பலகை வைத்து, சுத்தியல் தெறிக்க ஆறு ஆணி இறக்கினாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். தம்பிக்குப் போன் போட்டாள்.

"கூட்டுல பலகை அடிச்சுட்டேன்டா. கருப்பியத் தின்னது எதுவோ, உள்ளயே கெடந்து சாகட்டும். கோழிய மட்டும் விக்க மாட்டேன், கேட்டுக்கோ."

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "என்னக்கா உளர்ற? வண்டி இப்பத்தான் கெளம்புது. வர ரெண்டு மணி நேரமாகும்."

"வாங்கடி, இன்னிக்கு வீட்டுக்குள்ள படுங்க," என்று கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஐந்தும் பின்வாங்கின.

ஈரச் சுண்ணாம்பு வாடை.

பத்தடியே இருக்கவேண்டிய வீட்டு நடை, எங்கேயோ நீண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் கோடியில், தையல் மிஷின் முன்னால், முதுகைக் காட்டியபடி தம்பி உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை. தோளில் டிக்கெட் பை. காலருக்கு மேலே கழுத்து வெள்ளை வெளேரென்றிருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியாக்கா?" என்றது போன்.

அவள் சுத்தியலை இறுக்கிப் பிடித்தாள்.

"இது என் வீடு," என்று சொல்லிப் படியில் கால் வைத்தாள்.

அந்த வெள்ளைக் கழுத்துக்குப் பின்னால், இருட்டு மெல்லக் கேறத் தொடங்கியது.